ரோட்டுக்குப் பேர் வைக்கும் முன், தம்புசாமிப் பிள்ளையைத் தெரிஞ்சுக்குவோம்



போன வாரம் நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சைப் பலரும் பார்த்திருப்பீங்க. கோயில் பக்கத்து ரோட்டுக்கு இப்போதைக்கு வெறும் எண்தான் இருக்கு. தோட்டக் காலத்திலிருந்து இந்தக் கோயிலைக் கட்டிக் காத்த நம்ம பெரியவர் பேரை அந்த ரோட்டுக்கு வைக்கச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்கு மனு கொடுக்கலாம் என்று ஒரு அன்பர் எழுதினார். குடும்பத்தார் சம்மதம் சொல்லும் வரை பெரியவர் பேரை நான் இங்கே போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

கட்டாயம் வைக்கணும் என்று சிலர். "அவர் மட்டும்தான் உழைச்சாரா, எங்க தாத்தா மண் சுமக்கலையா?" என்று சிலர். பலகையில் பேர் வந்து என்ன ஆகப் போகுது, அந்த நேரத்துக்குப் பிள்ளைகளுக்கு ஒரு டியூஷன் வகுப்பு நடத்தலாமே என்று சிலர். மூணு பேச்சிலும் நியாயம் இருக்கு. கோபமா பேசினவங்க கூட கோயில் மேல உள்ள பாசத்தில்தான் பேசினாங்க.

நான் சரித்திர வாத்தியார் இல்லை. எஸ்.பி.எம். முடிச்சு, பேக்டரியில் சூப்பர்வைசரா இருக்கிறவன். நைட் ஷிப்ட் ஓய்வு நேரத்தில் பழைய விஷயங்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. நம்ம ஆள் ஒருத்தர் பேரில் ரோடு என்றால் இந்த நாட்டில் அது எப்படி இருந்திருக்கு என்பதை நாம் முதலில் பார்க்கணும். முடிவைக் கூட்டத்தில் எடுப்போம்.

கோலாலம்பூரில் ஜாலான் புத்ரா பக்கம், பி.டபிள்யூ.டி.சி. வட்டாரத்தில், ஜாலான் தம்புசாமி என்று ஒரு ரோடு இருக்கு. பெரிய ரோடு இல்லை. அந்தப் பக்கம் ஷாப்பிங் போனவங்க, ஹோட்டல் கல்யாணத்துக்குப் போனவங்க பலர் அதைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. நான் வேலை செய்யும் இடத்தில் நம்ம பிள்ளைகள் சிலரிடம் "தம்புசாமி யாரு?" என்று கேட்டேன். ஒருத்தர் "பழைய ம.இ.கா. தலைவரா அண்ணே?" என்றார். இன்னொருத்தர் "தோட்ட முதலாளியா இருக்கும்" என்றார். இவங்க எல்லாரும் வருஷா வருஷம் பத்துமலைக்குப் போகிறவங்க. அதில் ஒருத்தர் காவடி எடுக்கிறவர். அவர் ஏறுகிற மலைக்கும் அந்த ரோட்டுப் பலகைக்கும் உள்ள உறவை யாரும் அவருக்குச் சொல்லல.

தம்புசாமிப் பிள்ளை 1850-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். அப்பா பேர் காயாரோகணம் பிள்ளை. ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் படிச்சு, ஜேம்ஸ் குத்ரி டேவிட்சன் என்ற வெள்ளைக்கார வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த டேவிட்சன் 1875-ல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆனார். அவருக்குக் கீழே தம்புசாமி அரசாங்கக் கஜானாவில் தலைமைக் கிராணி ஆனார். பிறகு சில தடவை கஜானா அதிகாரி பொறுப்பையே தற்காலிகமாகப் பார்த்திருக்கார். தமிழன் என்றாலே கூலி என்று நினைச்ச காலத்தில் ஒரு மாநிலத்தின் கணக்குப் புத்தகம் ஒரு தமிழர் கையில் இருந்தது.

அந்தக் காலத்துக் கோலாலம்பூரை நினைச்சுப் பாருங்க. சேறு, அத்தாப்புக் கூரை வீடுகள், காய்ச்சல், அடிக்கடி தீ, அடிக்கடி வெள்ளம். 1880-ல்தான் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886-ல் ரயில் ஓட ஆரம்பிச்சது. தண்டவாளம் போட, ரோடு வெட்ட, தோட்டங்களில் வேலை செய்ய நம்ம ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தாங்க. வந்தவங்களுக்கு ஊரில் உறவில்லை, நோய் வந்தால் பார்க்க ஆளில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எதுக்கு என்று நமக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆத்தா காப்பாத்துவா என்ற ஒரு சொல்லை நம்பித்தான் அவங்க அந்த மண்ணில் நின்னாங்க.

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைத் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது 1873-ல் என்று கோயில் வரலாறு சொல்கிறது. 1850-ல் பிறந்தவர் என்றால் அப்போது அவருக்கு 23 வயசு. நம்ம இளைஞர் பிரிவுத் தம்பிகள் இந்தக் கணக்கைக் கவனிக்கணும். கோயில் முதலில் ரயில் நிலையம் இருக்கும் பக்கம் இருந்தது. 1885-ல் இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது. அத்தாப்புக் கூரை போய் 1887-ல் செங்கல் கட்டடம் ஆச்சு. நாம் இன்றைக்குப் பார்க்கிற கட்டடம் 1960-களில் புதுசாக எழுப்பினது.

அடுத்தது பத்துமலை. 1891-ல் அந்தக் குகையில் முருகனுக்குத் திருவுருவம் வைச்சு வழிபாட்டை ஆரம்பிச்சவரும் இவர்தான். 1892-லிருந்து அங்கே தைப்பூசம் நடக்குது. சுற்றிலும் காடு, படிக்கட்டு கிடையாது. மரப்படியே 1920-ல்தான் வந்தது. 272 சிமெண்ட் படி அதுக்கும் பிறகு. 42.7 மீட்டர் முருகன் சிலை 2006-ல் வந்தது. இன்றைக்கு உலகமே பத்துமலையைப் போட்டோ எடுக்குது. அந்தக் காட்டுக் குகையில் முதல் விளக்கு வைக்க ஏற்பாடு செஞ்ச மனுஷன் பேர் ஒரு சின்ன ரோட்டுப் பலகையில் இருக்கு.

கோயில் மட்டும் கட்டியிருந்தாலே போதும். அவர் அதோட நிற்கல. அரசாங்க வேலையை விட்ட பிறகு ஈயத் தொழிலில் இறங்கினார். நம்ம தாத்தாக்கள் "ஈயலம்பம்" என்று சொல்வாங்களே, அந்தச் சுரங்கத் தொழில்தான். லோக் இயூவும் இவரும் கூட்டாளிகள். 1894-ல் ரவாங்கில் இவங்க ரெண்டு பேரும் ஜெனரேட்டர் வைச்சு, சுரங்கத் தண்ணீரை மின்சாரப் பம்பில் இறைச்சாங்க. நம்ம நாட்டில் மின்சாரம் தயாரிச்ச சரித்திரம் அங்கேதான் தொடங்குது. மெஷின் நடுவிலேயே வாழ்கிற எனக்கு இதைப் படிச்சப்போ மனசுக்குள்ள ஒரு பெருமை. டி.என்.பி. பில் கட்டும்போது யாரும் தம்புசாமிப் பிள்ளையை நினைக்கிறதில்லை.

1893-ல் கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி தொடங்கினபோது பணம் கொடுத்து, அறங்காவலராகவும் இருந்தவங்களில் மூணு பேரைச் சொல்கிறேன்: காப்பித்தான் யாப் குவான் செங், லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை. அந்தப் பள்ளியில் விளையாட்டு இல்லம் ஒன்றுக்கு இவர் பேர் இருக்கு. செந்தூலில் தம்புசாமிப் பிள்ளை தமிழ்ப்பள்ளி இருக்கு. 1902-ல், 52 வயசில், பிறந்த ஊரான சிங்கப்பூரிலேயே காலமானார்.

இந்த மூணு பேருக்கும் கோலாலம்பூரில் ரோடு உண்டு. ஜாலான் லோக் இயூ எவ்வளவு பெரிய ரோடு என்று செராஸ் பக்கம் ஜாமில் மாட்டினவங்களுக்குத் தெரியும். ஜாலான் யாப் குவான் செங் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில். தம்புசாமிக்குக் கிடைச்சது சின்ன ரோடு. இதைச் சொல்லி யாரையும் குறை சொல்ல வரல. அந்த ரெண்டு பேரும் இந்த நகரத்துக்குச் செஞ்சது கொஞ்ச நஞ்சம் இல்லை. ரோட்டின் நீளத்தை வைச்சு ஒருத்தர் சேவையை அளக்க முடியாது என்பதுக்காகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். தம்புசாமிக்கு வேலை கொடுத்த டேவிட்சன் பேரிலும் கோலாலம்பூரில் ரோடு இருந்தது, டேவிட்சன் ரோடு. இன்றைக்கு அது ஜாலான் ஹாங் ஜெபாட். ட்ரீச்சர் ரோடு ஜாலான் சுல்தான் இஸ்மாயில் ஆச்சு. வெல்ட் ரோடு ஜாலான் ராஜா சூலான் ஆச்சு. ஆண்ட அதிகாரிகள் பேர் ஒன்னு ஒன்னா இறங்கினபோது கிராணி பேர் மட்டும் நின்னிருக்கு. சின்ன ரோடு என்பதால் யார் கண்ணிலும் படலையோ என்னவோ. ஆனால் எனக்கு வேற ஒன்னு தோணுது. டேவிட்சன் வந்தார், ஆண்டார், போய்விட்டார். தம்புசாமி வைச்சுவிட்டுப் போன கோயிலில் இன்றைக்கும் விளக்கு எரியுது.

நம்ம கோலாலம்பூர் மாரியம்மன் கோயில் இருக்கும் ரோட்டையே எடுத்துக்குங்க. முதலில் ஹை ஸ்ட்ரீட். பிறகு ஜாலான் பண்டார். இப்போது ஜாலான் துன் எச்.எஸ். லீ, நாட்டின் முதல் நிதியமைச்சர் பேரில். கோயில் இடம் மாறல, விலாசம் ரெண்டு தடவை மாறிச்சு. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்கிருந்து கிளம்பி ஜாலான் ஈப்போ வழியா பத்துமலைக்குப் போகுது. அந்த ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதியும் 2014-ல் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்று ஆயிடுச்சு. பேர் மாறினாலும் ரதம் வழி தவறல. பலகையை அரசாங்கம் வைக்கும், மாத்தும், அது அதோட அதிகாரம். மனசில் இருக்கிற பேரை யாரும் மாத்த முடியாது. ஆனால் நாமே பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் அது தானா அழிஞ்சிடும்.

ரெண்டாவது உதாரணம் எல்லாருக்கும் தெரிஞ்சது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஜாலான் துன் சம்பந்தன். முன்னே அது பிரிக்பீல்ட்ஸ் ரோடு. செங்கல் சூளைகள் இருந்த இடம், பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸ் வந்த இடம். நம்ம ரயில்வே தொழிலாளிகள் எத்தனையோ குடும்பம் அங்கே வாழ்ந்திருக்கு. 2010-ல் அதை லிட்டில் இந்தியா என்று அழகுபடுத்தினாங்க. தீபாவளிக்குத் துணி வாங்க, பூ வாங்க அங்கே போகாதவங்க யாரும் இல்லை.

துன் வீ. தி. சம்பந்தன் 1919-ல் பேரா சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1955-லிருந்து 1973 வரை ம.இ.கா. தலைவர், அமைச்சராகவும் இருந்தவர். 1979-ல் காலமானார். அரசியலில் அவரை ஆதரிச்சவங்களும் உண்டு, எதிர்த்தவங்களும் உண்டு. நான் சொல்ல வந்தது வேற.

வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பிச்சபோது வாங்கினவங்க அதைத் துண்டு துண்டாக வெட்டி வித்தாங்க. துண்டாடல் என்று அந்தக் காலத்தில் சொல்வாங்க. தோட்டம் போனால் வேலை போச்சு. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் வீடும் போச்சு. தோட்டத்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் என்ன ஆகும் என்று தெரியல. நம்ம கோயில் கதையும் ஏறத்தாழ இதுதானே. அப்போது 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா போய், மாசம் பத்து வெள்ளி கட்டுங்க, நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று கேட்டார் சம்பந்தன். பால் வெட்டிச் சம்பாதிச்ச காசில் ஜனங்க கட்டினாங்க. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படித்தான் தொழிலாளிகள் பணத்தில் வாங்கப்பட்டது. பிறகு இன்னும் பல தோட்டங்கள். அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கு.

ஒரு தோட்டத்துப் பெண்மணி காலையில் நாலு மணிக்கு எழுந்து மரம் வெட்டி, அந்தக் காசில் பத்து வெள்ளியை எடுத்து ஒரு தலைவரை நம்பிக் கொடுத்தாரே, அந்த நம்பிக்கைதான் ஜாலான் துன் சம்பந்தன். நீரூற்றும் வளைவும் பிறகு வந்தவை.

இந்த ரெண்டு ரோட்டையும் வைச்சு நம்ம விஷயத்துக்கு வரேன்.

முதலாவது, நம்ம பெரியவருக்குத் தகுதி இருக்கா? என் மனசுக்கு இருக்கு. தோட்டம் வித்தபோது கோயிலையும் சேர்த்து இடிச்சிருப்பாங்க. அவர் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினார் என்று நம்ம அம்மா அப்பா சொல்லிக் கேட்டிருக்கோம். ஆனால் "சொல்லிக் கேட்டிருக்கோம்" என்பதை மனுவில் எழுத முடியாது. எந்த வருஷம், எந்த ஆபீஸ், யாருக்கு எழுதின கடிதம் என்று கேட்டால் இன்றைக்கு நம்மிடம் ஒரு தாளும் இல்லை. தம்புசாமிப் பிள்ளையைப் பற்றி 120 வருஷத்துக்குப் பிறகு நான் இங்கே தேதியோடு எழுத முடியுது. காரணம், அரசாங்கப் பதிவில், பள்ளிப் பதிவில், கோயில் பதிவில் அவர் இருக்கார். நம்ம பெரியவர் நம்ம கண் முன்னாலேயே வாழ்ந்தவர். அவருக்கு ஒரு பக்கம் எழுத நம்மால் முடியல.

எங்க பேக்டரியில் ஒவ்வொரு மெஷின் மேலயும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். லேபிளில் எண் மட்டும்தான். அந்த மெஷின் எப்போ வந்தது, யார் சர்வீஸ் செஞ்சது, என்ன பார்ட் மாத்தினது எல்லாம் லாக் புக்கில் இருக்கும். லாக் புக் தொலைஞ்சா அந்த லேபிளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரோட்டுப் பலகையும் லேபிள்தான். லாக் புக் நம்ம கையில் இருக்கணும்.

ரெண்டாவது, "எங்க தாத்தாவும் உழைச்சார்" என்ற பேச்சு. அது உண்மை, அதை யாரும் தட்டக் கூடாது. கோலாலம்பூர் மாரியம்மன் கோயில் முதலில் பிள்ளை குடும்பத்துக் கோயிலாகத்தான் இருந்தது. 1920-களின் கடைசியில்தான் எல்லாருக்கும் திறந்துவிட்டு, பிறகு நிர்வாகத்தை அறங்காவலர்களிடம் கொடுத்தாங்க. ஒரு குடும்பக் கோயில் ஊர்க் கோயில் ஆனதால்தான் இன்றைக்கு அது லட்சக்கணக்கான பேருக்குத் தாய்வீடு. நம்ம கோயிலில் அது திரும்பிப் போகக் கூடாது. ரோட்டுக்கு ஒருத்தர் பேர் வந்தால் கோயில் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் ஆகாது. அதனால் என் யோசனை: பெரியவர் பேரில் மனு போகட்டும். அதே நேரம் கோயில் உள்ளே ஒரு சுவரில், மண் சுமந்தவங்க, மாசம் ஒரு வெள்ளி கொடுத்தவங்க, திருவிழாவுக்குச் சமைச்ச அம்மாமார்கள் எல்லார் பேரும் வரட்டும். அம்மாமார்கள் பேர் எந்த ரசீதிலும் இருக்காது. அதனால் அதை முதலில் எழுதணும்.

மூணாவது, அந்த ரோட்டில் குடியிருக்கிறவங்க. சீனக் குடும்பங்கள் இருக்காங்க, மலாய்க்காரக் குடும்பங்கள் இருக்காங்க. ரோட்டுக்குப் பேர் மாறினால் அவங்க ஐ.சி. விலாசம், லைட் பில், பேங்க் கடிதம் எல்லாம் மாறணும். அவங்க வீட்டு வாசலில் பேர் வைக்க அவங்களைக் கேட்காமல் மனு கொடுத்தால் அது மரியாதை இல்லை. நம்ம திருவிழாவுக்கு ரோட்டை மூடும்போது ஒரு வார்த்தை முகம் சுளிக்காமல் காரை வேற இடத்தில் வைக்கிறவங்க அவங்க. கமிட்டியில் ரெண்டு பேர், பெரியவர் குடும்பத்தில் ஒருத்தர், வீடு வீடா போய்ப் பேசணும். பெரியவர் யார் என்று அவங்களுக்கு விளக்கிச் சொல்ல நமக்கு முதலில் தெரிஞ்சிருக்கணும். மறுபடியும் லாக் புக்குக்குத்தான் வரோம்.

கடைசியா, டியூஷன் வைங்க என்று சொன்ன அன்பருக்கு. நீங்க சொன்னதில் தப்பே இல்லை. தம்புசாமிப் பிள்ளை ரெண்டையும் செஞ்சிருக்கார். 1891-ல் பத்துமலை, 1893-ல் பள்ளிக்கூடம். கோயிலா படிப்பா என்று அவர் வழக்குப் போட்டுக்கிட்டு நிற்கல. நம்ம சனிக்கிழமை வகுப்பு எப்போதும் போல நடக்கும். இந்த மாசம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று இருக்கேன். ஆளுக்கு ஒரு தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கோயில் கதையைக் கேட்டு எழுதிட்டு வரணும். பேச்சை போனில் பதிவு செஞ்சாலும் போதும். நம்ம பழைய ஆட்களில் போன ஒரு வருஷத்தில் மட்டும் மூணு பேர் போய்ட்டாங்க. அவங்களோட போன கதையை இனி எந்த ஆபீஸிலும் மனு போட்டு வாங்க முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய டின்னில், அலமாரியில், சாமி மேடைக்குக் கீழே தேடிப் பாருங்க. கோயில் ரசீது, திருவிழா நோட்டீஸ், தோட்டத்துச் சம்பளத் துண்டு, கல்யாண போட்டோவில் பின்னால் தெரியும் பழைய கோயில், பெரியவர் கைப்பட எழுதின கணக்கு, எது இருந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க. நான் அங்கேயே போட்டோ எடுத்துக்கிட்டு உங்க கையிலேயே திருப்பிக் கொடுத்திடுவேன். போட்டோவில் இருக்கிறவங்க பேர் தெரிஞ்சால் பென்சிலால் பின்பக்கம் எழுதி வைங்க. பேனாவால் எழுதினால் மை ஊறிடும்.

மனு கொடுத்து ரோடு கிடைச்சால் ஆத்தா அருள். கிடைக்கலைன்னாலும் நம்ம கையில் ஒரு புத்தகம் இருக்கும். அடுத்த தடவை பத்துமலைப் படி ஏறும்போது பிள்ளைகளிடம் தம்புசாமிப் பிள்ளை கதையைச் சொல்லுங்க. அப்படியே நம்ம பெரியவர் கதையையும் சொல்லுங்க.